வீட்டுப் பிரிண்டருக்கும் ஒரு பூட்டு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மனிதன் வீடு கட்டக் கற்றுக்கொண்ட நாளிலேயே கதவு செய்யவும் கற்றுக்கொண்டான். கதவு செய்தவன் தாழ்ப்பாள் கண்டான். தாழ்ப்பாள் கண்டவன் பூட்டும் கண்டான். பொருள் இருக்கும் இடத்தில் காவலும் இருக்க வேண்டும் என்பது பள்ளி வாசலை மிதிக்காதவரும் அறிந்த உண்மை. ஆனால் இன்று நம் வீட்டுப் பொருள்களுள் சில, கதவு வழியாக வெளியே போவதில்லை. காற்று வழியாகப் போகின்றன. அவற்றிற்குத் தேக்குமரக் கதவும் இரும்புப் பூட்டும் காவல் ஆகா. அத்தகைய கருவிகளுள் ஒன்றுதான் கம்பியில்லாமல் இயங்கும் அச்சுப்பொறி. நூலில் அச்சுப்பொறி என்று எழுதினாலும் தெருவில் அதனைப் பிரிண்டர் என்றே அழைக்கிறோம். நானும் இக்கட்டுரையில் அவ்வாறே எழுதுகிறேன்.

இயற்பியல் மாணவர் பிரிண்டரைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தை மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அம்மா மகளிர் குழுவில் பெற்ற கடனில் எங்கள் வீட்டுக்கு மை ஊற்றிப் பயன்படுத்தும் பிரிண்டர் ஒன்று வந்தது. அக்கா அதனை வைத்துக்கொண்டு தெருவில் உள்ளவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறாள்; விண்ணப்பங்களை அச்சிட்டுத் தருகிறாள். ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், மருத்துவமனைச் சீட்டு ஆகிய அனைத்தும் அந்தச் சிறு பெட்டிக்குள் புகுந்து வெளிவருகின்றன. என் வருமானச் சான்றிதழ் ஒன்றைப் பெறுவதற்காக என் தந்தை இரண்டு நாள் கூலியை இழந்தார். தெருவில் உள்ள ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் அப்படி ஒரு கூலி இருக்கிறது. அத்தாள்களை நம்பி நம் கையில் கொடுக்கிறார்கள் என்றால், அவற்றைக் காப்பது நம் கடமை அன்றோ? அக்கடமையைச் செய்யும் முறையை என்னால் இயன்ற அளவு எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிண்டர் ஒரு சிறு கணினி

பிரிண்டர் என்றால் சொன்னதை அச்சடிக்கும் ஊமை இயந்திரம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறு இல்லை. வைஃபை பிரிண்டருக்குள் ஒரு செயலி உண்டு, நினைவகம் உண்டு, அதனை இயக்கும் மென்பொருளும் உண்டு. நம் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு அதன் உள்ளே பதிந்து கிடக்கிறது. பலவற்றில் அண்மையில் அச்சிட்ட வேலைகளின் பட்டியலும், ஸ்கேன் செய்து அனுப்பிய மின்னஞ்சல் முகவரிகளும் தங்கியிருக்கும். அதற்கென்று தனியே ஒரு வலைப்பக்கம்கூட உண்டு. வீட்டு வைஃபையில் இணைந்த எந்தக் கைபேசியிலிருந்தும் பிரிண்டரின் எண்முகவரியைத் தட்டினால் அப்பக்கம் திறக்கும்.

கணினிக்குப் பாஸ்வேர்டு வைக்கிறோம். கைபேசிக்கு விரல்ரேகை வைக்கிறோம். பிரிண்டரை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டுவிடுகிறோம். திருடன் எப்போதும் தலைவாசலுக்கே வருவான் என்பதில்லை; கொல்லைப்புறக் கதவு திறந்திருந்தால் அவனுக்கு அது போதும்.

சுவரைக் கடக்கும் அலை

வீட்டுப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுகின்றன. அதாவது நொடிக்கு 240 கோடி அலைவுகள். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர் என்று வரும். ஒரு சாணில் ஏறத்தாழப் பாதி. இவ்வலை செங்கற்சுவரைக் கண்டு நின்றுவிடுவதில்லை. வலிமை குறைந்தாலும் ஊடுருவிச் செல்லும். அதனால்தான் உள்ளறையில் இருக்கும் பிரிண்டரின் பெயர் தெருவில் நிற்பவரின் கைபேசியிலும் தெரிகிறது. அலையைச் சுவரால் அடைக்க இயலாது. அலை சுமந்து செல்லும் செய்தியைப் பிறர் படிக்க இயலாதபடி மறைத்து அனுப்பலாம். வைஃபை பாதுகாப்பு என்பது சுருங்கச் சொன்னால் இதுவே.

உலகில் நடந்தவை

இது வீண் அச்சம் என்று எண்ணுவோருக்காக இரண்டு நிகழ்ச்சிகளைக் குறிப்பிடுகிறேன். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், உலகின் பல நாடுகளில் பிரிண்டர்கள் தாமாகவே தாள்களைத் துப்பின. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரிண்டர்களுக்குத் தாம் செய்தி அனுப்பியதாக ஒருவர் புனைபெயரில் அறிவித்தார். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வேறொருவர் சுமார் 50,000 பிரிண்டர்களில் ஒரு யூடியூப் அலைவரிசைக்கு விளம்பரம் அச்சிட வைத்தார். அவர் பயன்படுத்தியது 9100 என்னும் எண்ணுள்ள வாசல். கணினியிலிருந்து வரும் அச்சு வேலையைப் பிரிண்டர் பெற்றுக்கொள்ளும் வாசல் அது. இணையத்தை நோக்கி அந்த வாசல் திறந்து கிடந்ததே அச்செயலுக்கு இடமளித்தது.

அவர்கள் தாளையும் மையையும் வீணாக்கியதோடு நின்றார்கள். திறந்த வாசல் வழியே அச்சிட முடியும் என்றால், அதே வாசல் வழியே வேறு செயல்களும் செய்ய முடியும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அதே வேளையில் அளவுக்கு மீறி அஞ்சவும் தேவையில்லை. வீட்டில் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பிரிண்டருக்கு 192.168 என்று தொடங்கும் எண்முகவரி பெரும்பாலும் கிடைக்கும். இது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. வெளியுலகிலிருந்து இம்முகவரிக்கு நேரே யாரும் வந்துவிட முடியாது. நாமாக வழி திறந்துவிட்டால்தான் வர முடியும். ஆகவே நாம் காக்க வேண்டிய வாசல்கள் இரண்டு: ஒன்று ரவுட்டர், மற்றொன்று பிரிண்டர்.

முதற் பூட்டு: ரவுட்டர்

ரவுட்டர் வீட்டின் தலைவாசல். அதன் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் முகவரியும், நிர்வாகப் பெயரும், பாஸ்வேர்டும் இருக்கும். பல ரவுட்டர்களில் இரண்டும் ‘அட்மின்’ என்ற ஒரே சொல்லாகவே வந்திருக்கும். உலகத்துக்கே தெரிந்த சாவியால் பூட்டிய பூட்டு பூட்டாகுமா? முதல் வேலையாக இந்த நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு என்பதை நினைவிற் கொள்க. முன்னது வீட்டுக்குள் நுழையும் சாவி. பின்னது வீட்டின் பூட்டையே மாற்றும் சாவி. இரண்டும் ஒன்றாக இருத்தல் கூடாது.

அடுத்தது மறைப்பு முறை. 1997ஆம் ஆண்டு வைஃபை தரம் வெளிவந்தபோது அதனோடு வந்த மறைப்பு முறை டபிள்யூ.இ.பி. எனப்படும். ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் என்னும் மூவர் 2001ஆம் ஆண்டிலேயே அதன் குறையை வெளிப்படுத்தினர். 2003இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது, 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. இன்று வீட்டில் வைக்கத்தக்கவை கடைசி இரண்டு மட்டுமே. டபிள்யூ.பி.ஏ.2 என்றால் அதனோடு ஏ.இ.எஸ். என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், டி.கே.ஐ.பி. என்பதை விட்டுவிட வேண்டும்.

இங்கு ஒரு சிக்கல் எழுவதுண்டு. ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்துவிட்டால், பழைய பிரிண்டர் இணையாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் இணையாமல் போயிற்று. பொருத்த வந்தவர் பல முறை முயன்று பார்த்துவிட்டு, வைஃபைக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பிரிண்டர் உடனே இணைந்தது, வீட்டார் மகிழ்ந்தனர். கதவு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைத்த கதை இது! டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டையும் சேர்த்து ஏற்கும் கலப்பு முறை பல ரவுட்டர்களில் உண்டு. அதனைத் தேர்ந்தெடுத்ததும் பிரிண்டர் பாஸ்வேர்டோடு இணைந்தது. பழைய கருவிக்காகப் பூட்டை ஒருபடி தளர்த்தலாம், பூட்டையே எடுத்துவிடலாகாது.

பாஸ்வேர்டுக் கணக்கு

வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். நம்மில் பலர் கைபேசி எண்ணையோ பிறந்த தேதியையோ வைக்கிறோம். இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். டபிள்யூ.பி.ஏ.2 முறையில் ஒரு கருவி இணையும் நேரத்தில் பரிமாறப்படும் செய்தியைப் பிடித்துவைத்துக்கொண்டால், பின்பு எங்கோ அமர்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகச் சோதிக்க முடியும். நொடிக்கு ஒரு இலட்சம் சோதனை என்று வைத்துக்கொள்வோம்.

எட்டு இலக்க எண் என்றால் மொத்தம் 10 கோடி வாய்ப்புகள். 1,000 நொடியில், அதாவது சுமார் 17 நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து இலக்கக் கைபேசி எண் 6, 7, 8, 9 என்னும் நான்கு இலக்கங்களில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே 400 கோடி வாய்ப்புகள். சுமார் 11 மணி நேரம் போதும். மாறாக, 2,000 எளிய சொற்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, நான்கு சொற்களை எடுத்துச் சேர்த்தால் வாய்ப்புகள் 16 இலட்சம் கோடி. எல்லாவற்றையும் சோதிக்க 5 ஆண்டு ஆகும். ஐந்து சொற்களாக்கினால் 10,000 ஆண்டு ஆகும்! உலக்கை, மழை, சன்னல், கடுகு, பேருந்து என்பனபோல ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், என் அம்மாவுக்கும் நினைவில் நிற்கும், திருடனுக்கும் சிக்காது. (நான் இங்கே எழுதிய ஐந்தையே யாரும் வைத்துவிட வேண்டாம்.) டபிள்யூ.பி.ஏ.3 முறையில் இவ்வாறு பிடித்துவைத்துச் சோதிக்கும் வழியே அடைக்கப்பட்டுள்ளது என்பதும் அறியத்தக்கது.

எட்டு இலக்கப் பின்வாசல்

பிரிண்டரை எளிதில் இணைப்பதற்காக டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு. பொத்தானை அழுத்தி இணைப்பது அதில் ஒரு வகை. எட்டு இலக்க எண்ணைக் கொண்டு இணைப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில்தான் இடர் உள்ளது. எட்டாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முன்னுள்ள ஏழிலிருந்து அதனைக் கணக்கிட்டுவிடலாம். மீதி ஏழு இலக்கம் என்றால் ஒரு கோடி வாய்ப்பு இருக்க வேண்டும். ஆனால் முதல் நான்கு இலக்கங்கள் சரியா தவறா என்பதை ரவுட்டர் தனியே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முதற்பாதிக்கு 10,000 முயற்சி. பிற்பாதிக்கு 1,000 முயற்சி. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் வந்துவிட்டது! மொத்தம் 11,000 முயற்சி மட்டுமே. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் இக்குறையை வெளியிட்டார். முயற்சிகளுக்குத் தடையில்லாத ரவுட்டரில் சில மணி நேரத்தில் இவ்வாசல் திறந்துவிடும். ஐந்து சொற்பாஸ்வேர்டு வைத்துவிட்டு இதனைத் திறந்து வைத்தால் என்ன பயன்? பிரிண்டரின் சிறு திரையில் பாஸ்வேர்டைத் தட்டுவது சற்றுத் தொல்லைதான். ஒருமுறை தட்டி இணைத்துவிட்டு, ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுவதே நன்று.

ரவுட்டரில் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். யூ.பி.என்.பி. என்னும் வசதி, வீட்டிலுள்ள கருவி கேட்டவுடன் வெளியுலகுக்கு வாசல் திறந்துவிடும். தேவையில்லையேல் அதனை அணைக்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்னும் பட்டியலில் பிரிண்டரின் முகவரி இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

இரண்டாம் பூட்டு: பிரிண்டர்

நிற்க. இனிப் பிரிண்டருக்கு வருவோம். செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, பிரிண்டரின் முகவரியை அறிதல். அதன் அமைப்புப் பட்டியலில் நெட்வொர்க் என்னும் பகுதிக்குச் சென்றால் ஒரு விவரத்தாளை அச்சிடலாம். திரையில்லாப் பிரிண்டரில் எந்தப் பொத்தானை அழுத்தினால் அது வரும் என்பது உடன்வந்த கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, அம்முகவரியை உலாவியில் தட்டிப் பிரிண்டரின் பக்கத்தைத் திறத்தல். ‘பாதுகாப்பற்றது’ என்று உலாவி எச்சரிக்கலாம். பிரிண்டர் தனக்குத்தானே வழங்கிக்கொண்ட சான்றிதழைக் காட்டுவதால் வரும் எச்சரிக்கை அது. நாமே தட்டிய நம் வீட்டு முகவரி என்றால் தொடரலாம். வெளித்தளங்களில் இவ்வெச்சரிக்கை வந்தால் தொடரலாகாது.

மூன்றாவது, நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுதல். சிலவற்றில் தொடக்கத்தில் பாஸ்வேர்டே இராது. சிலவற்றில் பின்புறச் சீட்டில் இருக்கும். சீட்டில் இருப்பது தனித்தன்மை உடையது என்று நம்பி விட்டுவிடுதலும் ஆகாது. பிரதர் நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான மாடல்களில், கருவியின் வரிசை எண்ணிலிருந்தே தொடக்கப் பாஸ்வேர்டைக் கணக்கிட்டுவிடலாம் என்று ராபிட்7 என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2025ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. நாமே மாற்றிவிட்ட பாஸ்வேர்டை அவ்வாறு கணக்கிட இயலாது.

நான்காவது, வைஃபை டைரக்ட். ரவுட்டர் இல்லாமலே கைபேசியோடு இணைவதற்காகப் பிரிண்டர் தானே ஒரு சிறு வைஃபையை வீசும். கைபேசியின் பட்டியலில் ‘டைரக்ட்’ என்று தொடங்கும் பெயராக அது தெரியும். சில மாடல்களில் அதன் தொடக்கப் பாஸ்வேர்டு 12345678. எங்கள் தெருவில் இத்தகைய பெயர்கள் மூன்றினை என் கைபேசியில் கண்டேன். ரவுட்டர் உள்ள வீட்டில் இது பெரும்பாலும் தேவையில்லை, அணைத்துவிடலாம். தேவைப்படுவோர் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, பயன்படுத்தாத வாசல்களை அடைத்தல். டெல்நெட், எஃப்.டி.பி., பழைய எஸ்.என்.எம்.பி. போன்றவை வீட்டுக்குத் தேவைப்படுவது அரிது. வெளியூரிலிருந்து இணையம் வழியே அச்சிடும் வசதியையும் பயன்படுத்தாவிடில் அணைத்துவிடலாம். ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு தாள் அச்சிட்டுப் பார்த்தால், எது தேவை எது தேவையில்லை என்பது தெளிவாகும். ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுக என்று நம் பேராசிரியர்கள் கூறுவது இங்கும் பொருந்தும்.

ஆறாவது, ஃபர்ம்வேர் எனப்படும் உள்மென்பொருளைப் புதுப்பித்தல். தயாரித்த நிறுவனம் குறைகளைக் கண்டு திருத்தும்போது அத்திருத்தம் இவ்வழியாகவே வரும். கணினியையும் மறத்தலாகாது. 2021ஆம் ஆண்டு விண்டோஸ் கணினிகளின் அச்சுப்பகுதியிலேயே ‘பிரிண்ட்நைட்மேர்’ என்னும் பெருங்குறை கண்டுபிடிக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

விருந்தினர் வாசல்

வீட்டுக்கு வரும் உறவினர், ‘வைஃபை பாஸ்வேர்டு என்ன?’ என்று கேட்பது இன்று ‘சாப்பிட்டாயா?’ என்பதைப் போன்ற வழக்கமாகிவிட்டது. மறுத்தால் மனவருத்தம், கொடுத்தால் அவர்தம் கைபேசியும் நம் பிரிண்டரும் ஒரே அறையில் இருப்பதாகும். இதற்கென்றே பல ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்னும் தனிவழி உண்டு. அதில் இணைந்தவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். வீட்டுக் கருவிகளைக் காண முடியாது. திண்ணையில் அமர்ந்து தண்ணீர் அருந்தலாம். உள்ளறைக்குள் போக முடியாது என்பது போல. பிரிண்டரையும் நம் கைபேசிகளையும் முதன்மை வைஃபையிலேயே வைக்க வேண்டும். நம் கைபேசி தவறி கெஸ்ட் பக்கம் இணைந்துவிட்டால் ‘பிரிண்டர் காணவில்லை’ என்று வரும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று கலங்க வேண்டாம்.

வைஃபையின் பெயரை மறைத்து வைத்தால் போதும் என்று சிலர் கூறுவர். பெயரை மறைத்தாலும் அலை மறைவதில்லை. எளிய மென்பொருள் அப்பெயரைக் காட்டிவிடும்.

தாளுக்கும் காவல் வேண்டும்

எல்லாப் பூட்டும் போட்டபின், அச்சிட்ட ஆதார் நகலைத் தட்டிலேயே விட்டுவிட்டால் என்ன பயன்? பிழையாக வந்த நகலைக் கிழித்துப் போட வேண்டும். வடை மடிக்கும் தாளாகக் கடைக்குப் போட்டுவிடலாகாது. வாட்ஸ்அப்பில் வந்த பிறர் சான்றிதழ்களை அச்சிட்டவுடன் கைபேசியிலிருந்து நீக்க வேண்டும். இதனை அக்கா வாடிக்கையாளர் கண்முன்னாலேயே செய்கிறாள். பிரிண்டரை விற்கும்போது ஃபேக்டரி ரீசெட் செய்து, வைஃபை பாஸ்வேர்டு முதலியவற்றை அழித்துவிட வேண்டும்.

அலுவலக ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க்கும் உண்டு. அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்னும் நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களைத் திருப்பித் தந்தபோது டிஸ்க்கை அழிக்கவில்லை. நோயாளிகளின் விவரங்கள் அதில் இருந்தன. 2013ஆம் ஆண்டு அது 12 இலட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

முடிவாக

மேற்கூறிய அனைத்தையும் செய்ய எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதுமானதாக இருந்தது. காசு ஒன்றும் செலவாகவில்லை. இவற்றைச் செய்துமுடித்தால் ஆபத்தே வராது என்று யாரும் உறுதி கூற இயலாது. பூட்டிய வீட்டிலும் திருடு போவதுண்டு. ஆனால் திறந்து கிடக்கும் வீடும் பூட்டிய வீடும் ஒன்றல்ல.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதலில் படித்தவர்கள். நம் பெற்றோருக்குப் புதிய கருவியைப் பற்றிச் சொல்லித்தர வேறு ஆள் இல்லை. விற்பவர் விற்றுவிட்டுப் போவார்; பொருத்துபவர் பொருத்திவிட்டுப் போவார். அதன்பின் அந்தக் கருவியோடு வாழ்பவர்கள் நம் அம்மாவும் அப்பாவும் அக்காவும்தாம். அதிர்வெண்ணும் அலைநீளமும் தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல் நம் தெருவுக்கும் வந்துசேர வேண்டும். இந்த விடுமுறையில் நம் வீட்டு ரவுட்டரையும் பிரிண்டரையும் ஒருமுறை திறந்து பார்ப்போம். அடுத்த வீட்டுக்கும் சென்று செய்துகொடுப்போம். எளியவர் நம்மை நம்பித் தரும் ஒவ்வொரு தாளும் நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருள். அதனைக் காப்போம்!